சிரித்ததற்கு விளக்கம் கேட்டார்கள்

ஷேர் ஆட்டோவில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஓரிக்கையில் ஏறி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற லேபுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா, மடியில் கூடை. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, போன்ல எதுனா வந்துச்சா?"

"இல்லமா. புக்கு."

"புக்கு படிச்சிக்கினா சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சிரித்தார். அந்த நாவலைப் பற்றி என்னிடம் யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்காமல் இருந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

முதலில் நாவலைச் சொல்லிவிடுகிறேன். நாயகி கல்யாண போட்டோகிராபர். ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் எடுத்து எடுத்து, மேளச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தலைவலி வருகிறது. நாயகன் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு மண்டபத்தில் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே ஓர் அண்டா பாயசம். "எந்த முட்டாள் இந்த லிஃப்ட்டைப் பார்த்துட்டு ஓகேன்னு சொல்லிட்டுப் போனான்?" என்று அவள் கத்துகிறாள். அந்த முட்டாள் எதிரிலேயே நிற்கிறான். உண்மையைச் சொன்னால் கேமராவால் மண்டையை உடைப்பாள் என்று பயந்து, அவனும் சேர்ந்து திட்டுகிறான். அவளைவிடச் சத்தமாகத் திட்டுகிறான். அந்த இன்ஜினியர் உருப்படவே மாட்டான் என்று சாபம் விடுகிறான். வெளியே மாப்பிள்ளையின் பெரியப்பா கதவிடுக்கில் வாயை வைத்து, "பாயசத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்கிறார்.

அவ்வளவுதான் கதை. பிறகு சண்டை, பிறகு காதல், பிறகு அவன் யாரென்று தெரிந்து மறுபடியும் சண்டை. அதில் யாரும் சாவதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் பிடித்துப் பாருங்கள், தெரியும். நான் லேப் டெக்னீஷியன். ரிசல்ட் கவரைப் பிரிக்கிறவர்களின் முகம் மாறுவதைத் தினமும் பார்க்கிறவள். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த பிறகு கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நானும் போய் அந்த லிஃப்ட்டுக்குள் நின்றுவிடுவேன்.

இனி வாசகர் வட்டம்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடக்கும். நடத்துகிறவர் பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கிறவள் நான்தான். ஒருநாள் ஊசியைக் குத்திக்கொண்டே அவருடைய அலமாரியில் இருந்த புத்தகங்களை எட்டிப் பார்த்தேன். கவனித்துவிட்டார். "படிப்பீங்களா மா?" என்று ஆசையாகக் கேட்டார். அப்படித்தான் வட்டத்துக்குப் போனேன். தன்மையான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் கஷ்டம். சத்தம் போடுகிறவரிடம் திருப்பிச் சத்தம் போடலாம், இவரிடம் என்ன செய்வது?

முதல் தடவை நான் பேசியது பண்ணையில் அடிமையாகக் கிடந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவலை வைத்து. பேசும்போது என் தாத்தா நினைவு வந்துவிட்டது. கூரம் பக்கத்தில் எங்கள் காலனி. தாத்தாவுக்குச் சொந்த நிலம் ஒரு கைப்பிடி கிடையாது. அவர் கடைசிவரை அடுத்தவர் வயலில் குனிந்தே வேலை செய்ததைச் சொன்னேன். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நடத்துகிறவர் மைக்கை வாங்கி, "இவங்க சமூகத்திலேருந்து வர்ற இந்தக் குரல் நமக்குத் தேவை" என்றார். அன்றைக்கு எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவரே எனக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் யாராவது எரிந்துபோனார்கள், இல்லையென்றால் குடிசையோடு ஊரைவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்ல புத்தகங்கள். எழுதப்பட வேண்டியவை. எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவர் எங்கள் வட்டத்துக்கு வருவார், அவர் வெளிநாடு சுற்றிய பயணப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். ஒரு டாக்டர் வருவார், அவருக்குத் துப்பறியும் நாவல்தான் உயிர். அவரவருக்குப் பிடித்தது அவரவருக்கு. எனக்கு மட்டும் எப்போதும் வலி. எனக்கென்று தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்த மாதிரி.

இந்தத் தடவை நானே போன் செய்தேன். "சார், அடுத்த கூட்டத்துக்கு நானே ஒரு புக்கு எடுத்துக்கிறேன்" என்று நாவலின் பெயரைச் சொன்னேன்.



"அது காதல் கதைதானே மா?"

"ஆமா சார். சிரிப்புக் காதல் கதை."

"படிங்க, தப்பே இல்ல. பஸ்ல போறப்போ அந்த மாதிரி லேசா ஒண்ணு கையில இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா மேடையில உங்ககிட்ட எல்லாரும் எதிர்பார்க்கிறது வேற. அன்னிக்கு எங்க எல்லாரையும் அழ வெச்சீங்களே. அது உங்களாலதான் முடியும்."

"போன மாசம் டாக்டர் சார் கொலைக் கதை பேசினாரே?"

"அவர் பேசலாம் மா."

இதைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சரி சார் என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. அடுப்பில் சாதம் வடிக்கத் தயாராக இருந்தது. பானையைச் சாய்த்த வேகத்தில் பாதிச் சோறு தொட்டியில் விழுந்தது. வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறவர், அன்று அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"சோறு இன்னா பாவம் பண்ணுச்சு?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "விட்ரு. போவாத. இன்னாத்துக்கு அங்க போயி வயிறு எரிஞ்சிக்கினு?" என்றார்.

"போவேன். போயி அதே புக்கைத்தான் பேசுவேன்."

"அப்போ பேசு. ஆனா சோத்தைக் கொட்டாத."

அந்த வாரம் முழுக்க எனக்கு என் அம்மா நினைவாகவே இருந்தது. நடவு முடிந்து பெண்கள் எல்லாம் காலனிக்குத் திரும்பும்போது வழியெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்கும். நிலத்துக்காரர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கி நடப்பதை அம்மா அப்படியே நடித்துக் காட்டுவாள். மற்றவர்கள் சேற்றுக் காலோடு ரோட்டிலேயே உட்கார்ந்து சிரிப்பார்கள். சாவு வீட்டில்கூட அவளைச் சுற்றி நாலு பேர் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். வட்டம் நடத்துகிறவர் எனக்கு எடுத்துக் கொடுத்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பொம்பளை இல்லை. நான் குனிந்த முதுகை மட்டும் சொன்னேன், அவர்களும் அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வழக்கமான கூட்டம். நடத்துகிறவரின் மனைவி எப்போதும்போலப் பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து, பேப்பர் கப்புகளை அடுக்கி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்த அம்மா பேசி நான் கேட்டதே கிடையாது. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, பையிலிருந்து அந்த நாவலை எடுத்தேன். அட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேமராவும் ஓர் அண்டாவும் இருக்கும். நடத்துகிறவர் அதைப் பார்த்தார்.

எதுவும் முன்னுரை சொல்லாமல் லிஃப்ட் மாட்டிக்கொள்கிற அத்தியாயத்தை வாசித்தேன். முதல் பக்கத்தில் யாரும் அசையவில்லை. அவன் தன்னைத் தானே திட்ட ஆரம்பித்ததும் பட்டுக்கடைக்காரர் குலுங்கினார். பெரியப்பா பாயசத்தை விசாரித்தபோது மொத்த மாடியும் சிரித்தது. எல்லோரையும் விடக் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. மூச்சு வாங்கி, அடக்கப் பார்த்து, அடங்காமல் மறுபடியும் வெடிக்கிற சிரிப்பு. நடத்துகிறவரின் மனைவி.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். முறைக்கவில்லை. வெறுமனே பார்த்தார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள். அவர் மைக்கை வாங்கினார்.

"ரொம்பக் கலகலப்பா இருந்தது. இதுக்குள்ள இருக்கிற சமூகக் கோணத்தையும் அம்மா கொஞ்சம் சொன்னாங்கன்னா முழுமையா இருக்கும்."

"அப்படி ஒண்ணும் இல்ல சார். லிஃப்ட் மாட்டிக்குது. அவ்ளோதான்."

சிலர் சிரித்தார்கள். அவரும் புன்னகை செய்தார். "இல்ல மா, நான் என்ன கேக்கிறேன்னா, உங்க பின்னணியிலேருந்து வர்ற ஒருத்தருக்கு இந்த மாதிரி ஒரு கதை ஏன் பிடிக்குது? அது ஒரு தப்பித்தலா? அதைத் தெரிஞ்சுக்கிறது எங்களுக்கு உபயோகமா இருக்கும்."

உபயோகம். நான் என்ன, சாம்பிளா? இந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டது.

"டாக்டர் சாரை அப்படிக் கேட்டீங்களா சார்? அவர் பின்னணியிலேருந்து வர்ற ஒருத்தருக்குக் கொலைக் கதை ஏன் பிடிக்குதுன்னு?"

டாக்டர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"கோவப்படாதீங்க மா."

"கோவம்தான் சார் வருது. எங்க தாத்தா கதையைச் சொன்னேன், அழுதீங்க. பொய் சொல்லல, அதெல்லாம் நடந்ததுதான். ஆனா அவரும் சிரிச்சாரு சார். எங்க அம்மா சிரிச்சா தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான் மைக் பிடிச்சா அழுவாச்சி, டாக்டர் சார் பிடிச்சா ஜாலின்னு பிரிச்சது யாரு? எனக்குப் பிடிச்சிருக்குது, படிச்சேன். காசு குடுத்து வாங்கின புக்கு, அதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

நான் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு டீக்குக் காத்திராமல் இறங்கி வந்துவிட்டேன். வெற்றி பெற்ற மாதிரியெல்லாம் இல்லை. ரோட்டுக்கு வந்து நின்றபோது, கண்ணில் தண்ணீர் வேறு முட்டியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் அன்றைக்கும் அழுதுதான் வந்தேன். நல்லவேளை, அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியிருந்தார். நம் சகோதரியின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன், அவர் வாழ்க்கையில் பட்ட காயங்கள்தான் அந்தக் கோபமாக வெளிப்பட்டன என்பதை நாம் எல்லோரும் பரிவோடு புரிந்துகொள்ள வேண்டும் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். பட்டுக்கடைக்காரர் ஒரு பூ வைத்திருந்தார்.

என் சிரிப்புதான் எனக்குச் சொந்தமில்லை என்றால், கோபமும் இல்லையா? அதுவும் தாத்தா காலத்துக் காயத்திலிருந்துதான் வர வேண்டுமா? நான் எழுதினேன்: "என் கோபத்துக்குக் காரணம் காயம் இல்லை சார். நீங்கள்தான்." அனுப்பிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் லேபுக்குப் போன் வந்தது. வட்டம் நடத்துகிறவர் வீட்டு அம்மாவுக்குத் தைராய்டு பார்க்க வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்று. ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணுக்கு நடந்தது எல்லாம் தெரியும். "நீங்க வேணாக்கா, நான் வேற ஆளை அனுப்பறேன்" என்றாள். நான் ஏன் ஒளிய வேண்டும்? நானே போனேன்.

கதவைத் திறந்தவர் அவர்தான். ஒன்றுமே நடக்காதது மாதிரி, "வாங்க மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

"இன்னும் கோவமா இருக்கீங்களா?"

"ஆமா சார். மேடம் எங்க?"

உள்ளறையைக் காட்டிவிட்டு ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பாயசம் என்னாச்சு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னிக்குக் கதையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டியே. லிஃப்ட் திறந்துதா இல்லையா? அவன்தான் இன்ஜினியருன்னு அவளுக்கு எப்போ தெரியுது? நானும் இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

சொல்லிவிட்டால் படிக்கும்போது ருசிக்காது என்று சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்து முடித்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பையிலிருந்த நாவலை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து, பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் அதைச் சொருகினார். எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது.

"எதுக்கும்மா ஒளிக்கிறீங்க? நம்ம வீட்டுல நாம படிக்கறதுக்கா?"

"ஒளிக்கல. வெளியே இருந்தா எடுத்துப் பார்ப்பாரு. பார்த்தா இதைப் பத்தி அரை மணி நேரம் விளக்குவாரு. அதைக் கேட்டு முடிச்சிட்டு அப்புறம் எங்க சிரிக்கறது?"

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பீரோ கதவு மூடுகிற சத்தம்தான் காதில் நின்றது. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு டீ ஊற்றிக் கொடுத்திருப்பார். ஒருவர்கூட நீங்க என்ன படிச்சீங்க என்று கேட்டதில்லை. நானும் சேர்த்துத்தான்.

சில வாரம் கழித்து, லேபில் கூட்டமாக இருந்த ஒரு காலை வேளையில், வட்டம் நடத்துகிறவரே போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"அந்தப் புத்தகத்தை வீட்டுல கொடுத்தீங்களாமே. அவ ரெண்டாவது வாட்டி படிச்சுக்கிட்டு இருக்கா மா. சமையல் எல்லாம் லேட் ஆகுது." சிரித்தார். "நானும் யோசிச்சேன். அன்னிக்கு நீங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. அதனால அடுத்த கூட்டத்துக்கு ஒரு தலைப்பு வெச்சிருக்கேன். ஒடுக்கப்பட்டோர் வாழ்வில் நகைச்சுவை. நீங்கதான் பேசணும். உங்க அம்மாவைப் பத்திச் சொன்னீங்களே, அதையே விரிவா."

எதிரே ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் காத்திருந்தார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசி உறையைக் கையில் வைத்திருந்தேன். அதைக் கீழே வைத்தேன். கோபத்தோடு யார் கையையும் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

"வர முடியாது சார்."

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க மா."

"யோசிச்சுட்டேன் சார். எங்க அம்மா எங்க வீட்டுல சிரிச்சா. அதுக்குத் தலைப்பு வேணாம்."

"நீங்க தப்பா எடுத்துக்கிறீங்க..."

"அடுத்த கூட்டத்துல மேடமைப் பேசச் சொல்லுங்க. ரெண்டு வாட்டி படிச்சவங்க அவங்கதான்."

போனை வைத்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். வலிக்கவே இல்லையே என்றார்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "தலைப்பே செம காமெடியா இருக்குதே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை நங்கென்று வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எனக்கும் சேர்த்துக் குழம்பை ஊற்றினார்.

அந்த அம்மா கூட்டத்தில் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. நான் பிறகு போகவில்லை. நாவல் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீட்டிலேயே படிக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். இதில் நாயகி மாட்டு டாக்டர். ஓர் எருமையால் அவளுக்கும் எதிர்வீட்டுக்காரனுக்கும் சண்டை. எருமை யார் பக்கம் என்பது இன்னும் தெரியவில்லை.